ஒரு மணி மாத்திரை

அம்சவள்ளியின் போன் அடித்தால் அவள் உடனே எடுக்க மாட்டாள். முதலில் யாருடைய பெயர் என்று பார்ப்பாள். அந்தப் பெயர் எந்தப் பள்ளிக்கூடம், அங்கே தன் பிள்ளைகள் யார் யார், அவர்களில் யாருக்கு என்ன ஆகியிருக்கும் என்று மனசு ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வரும். யாரோ படியில் விழுந்துவிட்டார்கள், யாரோ யாரையோ கடித்து வைத்துவிட்டார்கள், யாரையோ இனிமேல் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று ரிங்குக்குள் இத்தனையும் நடந்து முடிந்துவிடும். அப்புறம்தான் போனைக் காதில் வைப்பாள். பெரும்பாலும் ஏதாவது ஒரு படிவத்தைப் பற்றித்தான் கேட்பார்கள்.

“உன் போன் அடிச்சா உன் மூஞ்சப் பாக்க முடியல” என்பான் அவள் கணவன் பாவாடை. மரவள்ளிக்கிழங்கு லோடு ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். “மலை ரோட்டுல பிரேக் புடிக்காம எறங்கினப்பகூட நான் இப்டி மூஞ்ச வெச்சிக்கினது இல்ல.”

“உனக்கு ஒரு லாரி. எனக்கு நாப்பத்தாறு புள்ளைங்க” என்பாள் அவள்.

நாற்பத்தாறு பேரும் கல்வராயன் மலையில் சிதறிக் கிடந்தார்கள். காது கேட்காதவர்கள், கண் சரியாகத் தெரியாதவர்கள், நடக்க முடியாதவர்கள், பத்து வயதிலும் நாலு வயசுப் புத்தியோடு சிரிக்கிறவர்கள். அவர்களை வீட்டில் முடங்க விடாமல் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார வைப்பதுதான் சிறப்பாசிரியர் அம்சவள்ளியின் வேலை. அரசாங்கத் தாளில் இதை ஒரு வரியில் எழுதிவிடலாம். மலையில் அந்த ஒரு வரிக்கு, தலைமையாசிரியரிடம் பேச வேண்டும், வகுப்பாசிரியரிடம் பேச வேண்டும், சத்துணவு அம்மாவிடம் பேச வேண்டும், “இது படிச்சி இன்னா ஆவப்போவுது” என்று கேட்கும் அப்பனிடம் பேச வேண்டும். பதின்மூன்று வருடமாக ஸ்கூட்டரில் ஏறி இறங்கிப் பேசிக்கொண்டிருக்கிறாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

ஆசைப்பட்டுப் படித்த படிப்பா என்றால், அதுவும் இல்லை. களமருதூரில் நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போன குடும்பம். வழக்கமான பி.எட்.டுக்கு இடம் கிடைக்கவில்லை, சிறப்புக் கல்வியில் கிடைத்தது, சேர்ந்தாள். முதல் நாள் பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு பிள்ளை அவள் முடியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அன்றைக்குப் பிடித்தது இன்றைக்கும் விடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்படிப்பட்டவள் சென்ற ஜூன் மாதம் ஒரு பொய் சொன்னாள்.

வேங்கைப்பட்டு என்ற மலையூரில் சிவரஞ்சனி என்று ஒரு பெண் குழந்தை. வயது ஒன்பது. இடது கை சரியாக வராது. பேச்சு தாமதம், ஒரு வார்த்தையைக் கொண்டுவர முகமே கோணிக்கொள்ளும். அப்பன் கேரளாவில் மிளகுத் தோட்ட வேலைக்குப் போய் வருஷத்துக்கு ஒரு தரம் வருவான். அம்மா பழனியம்மாள் சாமைக் காட்டுக்குப் போனால், பிள்ளை வீட்டுக்குள்தான். இரண்டு வருடம் வாரம் தவறாமல் வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுத்தாள் அம்சவள்ளி. எழுத்து வந்தது, எண் வந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் அந்தப் பிள்ளை வாசலுக்கு ஓடிவந்து நின்றுகொள்வாள். அந்த நிற்பைப் பார்க்க அம்சவள்ளிக்குத் தாங்கவில்லை.

சிவரஞ்சனிக்கு வலிப்பும் உண்டு. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி மாத்திரை, மூன்று வேளை. அதைச் சாப்பிட்டும் மே மாதம் திருவிழாக் கூட்டத்தில் ஒரு தடவை வந்துவிட்டது.

பள்ளியின் தலைமையாசிரியர் பகலவன் கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் அல்ல. இடது கையைப் பார்த்தார், பேச வைத்துப் பார்த்தார், சரி என்றார். கடைசியில் பேனாவை மூடிக்கொண்டே கேட்டார். “ஃபிட்ஸ் எதுனா வருமா டீச்சர்?”

அம்சவள்ளிக்கு வேறொரு பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. அங்கே ஒரு பையனுக்கு வகுப்பில் வலிப்பு வந்தது. மறுநாளே அவன் அப்பனிடம் ‘எங்கள் பொறுப்பில் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறோம்’ என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவன் இப்போது ஆடு ஓட்டுகிறான். அவளைப் பார்த்தால் இன்னமும் “எப்ப டீச்சர் இஸ்கோலு?” என்று கேட்கிறான்.

“அதெல்லாம் இல்லீங்க சார்” என்றாள்.

பக்கத்தில் நின்ற பழனியம்மாள் நிமிர்ந்து ஒரு தரம் அவளைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

சேர்த்த சந்தோஷம் அன்றைக்குச் சாயங்காலம் மலை இறங்குவதற்குள் தீர்ந்துபோயிற்று. ஒரு கொண்டை ஊசி வளைவில்தான் அவளுக்குச் சட்டென்று புரிந்தது. வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது. சொல்லிக்கொடுக்க வேண்டியது அவள். சொல்லிக்கொடுக்கப் போனால், எதற்கு இப்போது இது என்று பகலவன் கேட்பார். சொன்னால் பிள்ளை வெளியே. சொல்லாமல் இருந்தால், ஒரு நாள் வந்துவிட்டால், கையும் ஓடாது காலும் ஓடாது அவர்களுக்கு. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

அந்த நாளை ஜூலையிலும் வரவில்லை, ஆகஸ்டிலும் வரவில்லை. வகுப்பாசிரியை சந்தியா திருக்கோவிலூர்ப் பெண், சுறுசுறுப்பு. “சிவரஞ்சனி இன்னிக்கு போர்டுல எழுதிட்டா மேடம்” என்று போன் செய்வாள். சந்தியா பெயரைத் திரையில் பார்த்ததும் அம்சவள்ளிக்கு வலிப்புதான் ஞாபகம் வரும். அந்த நல்ல செய்தி ஒன்றைக்கூட அவள் முழுசாக அனுபவிக்கவில்லை.

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை. சங்கராபுரத்தில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை முகாம். கூட்டத்தில் போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தாள். மூன்று மணிக்கு எடுத்துப் பார்த்தால் சந்தியாவிடமிருந்து நாலு தவறிய அழைப்பு.

திருப்பி அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. பகலவனுக்கு அடித்தாள். அதுவும் அப்படியே. வேங்கைப்பட்டுப் பள்ளிக்கூடத்தில் தண்ணீர்த் தொட்டிப் படியில் ஏறி நின்றால்தான் போன் கிடைக்கும். நாலு தடவை ஒருத்தி படியேறி நின்று அடித்திருக்கிறாள் என்றால் அது போர்டில் எழுதிய செய்தியாக இருக்காது. முகாம் பதிவேட்டில் கையெழுத்துக்கூடப் போடாமல் வண்டியை எடுத்தாள்.

அடிவாரம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வழியெல்லாம் வாய்க்குள் பேசிக்கொண்டே போனாள். “எனக்கே தெரியாது சார்” என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். “அம்மா மறைச்சிட்டாங்க சார்” என்று இன்னொரு தடவை. சொல்லிப் பார்த்த மாத்திரத்தில் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அந்தப் பிள்ளை உயிரோடு இருந்தால் போதும், வேலை போகட்டும், எது வேண்டுமானாலும் போகட்டும் என்று தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள்.

பள்ளிக்கூடம் விட்டிருந்தது. தலைமையாசிரியர் அறையில் பாயில் சிவரஞ்சனி தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு சீராக ஏறி இறங்கியது. வலது கைக்குள் பீரோச் சாவி ஒன்றைத் திணித்து வைத்திருந்தார்கள். தலைமாட்டில் பழனியம்மாள், காட்டிலிருந்து அப்படியே ஓடிவந்த மண் காலோடு. பகலவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது.

“சாப்பாட்டுக்கு அப்புறம் வந்திச்சி மேடம்” என்றாள் சந்தியா. “நர்ஸ் வந்து பாத்துட்டாங்க. நாளைக்கு பெரியாஸ்பத்திரிக்கு கூட்டினு போவச் சொன்னாங்க.”

பகலவன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “கையையும் காலையும் அமுக்கிப் புடிச்சோம். நான் வாயில தண்ணி ஊத்தினேன் டீச்சர். நான்தான். மூக்குல ஏறிடிச்சி. ஒதடு நீலம் பாஞ்சிபோச்சி. திருப்பிப் போட்டு முதுகுல தட்டினப்புறம்தான் மூச்சே வந்திச்சி.” பழனியம்மாள் பக்கம் திரும்பிக் கேட்டார். “இதுக்கு முன்ன வந்திருக்காம்மா?”

“இல்ல சாரு. இதான் மொத தபா” என்றாள் பழனியம்மாள். சொல்லிவிட்டு அம்சவள்ளியைப் பார்த்தாள்.

தப்பித்தாயிற்று. அம்சவள்ளிக்கு அது தெரிந்தது. வெட்கத்தோடு, நிம்மதியும் ஒரு நொடி வந்துபோனது. அதை மறைத்து எழுதினால் அவளைப் பற்றி எழுதியதாகாது.

பழனியம்மாளைக் குழாயடிப் பக்கம் கூட்டிப் போனாள். “மாத்திரை ஒழுங்கா குடுக்கறியா?”

“காலைல குடுக்கறன், ராவுக்கு குடுக்கறன் டீச்சரு.”

“மதியம்?”

பழனியம்மாள் முந்தானையைத் திருகினாள். “மதியம் இஸ்கோல்ல இல்ல இருக்கறா? குடுத்தனுப்பினா இது இன்னா மாத்திரைன்னு கேப்பாங்க. நீங்க சாருகிட்ட இல்லன்னு சொல்லிக்கீறீங்க. உங்க வார்த்த பொய்யாயிடக் கூடாதேன்னுதான் நிறுத்திட்டன்.”

ஜூன் மாதத்திலிருந்து. டீச்சர் வார்த்தையைக் காப்பாற்ற, எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி பெற்ற பிள்ளையின் மருந்தை நிறுத்தியிருக்கிறாள். வலிப்பு தானாக வரவில்லை, நான்தான் வரவைத்திருக்கிறேன் என்று அம்சவள்ளிக்கு உறைத்தது. குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது, அழுதாள். பழனியம்மாள் பயந்துபோய், “நான் எதுனா தப்பு பண்ணிட்டனா டீச்சரு?” என்று கேட்டாள்.

முகத்தைக்கூடத் துடைக்காமல் அறைக்குள் போனாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மே மாதம், ஜூன் மாதம், மதிய மாத்திரை.

பகலவனுக்குக் கோபத்தில் காது சிவந்தது. “ஒரு உசுரு டீச்சர். என் கையால போயிருக்கும். நான் மேல எழுதினா உங்களுக்கு வேலை இருக்காது, தெரியுமா?”

“தெரியும் சார். எழுதுங்க. புள்ளைய மட்டும் அனுப்பிடாதீங்க.”

“ஜூன்லயே உண்மைய சொல்லியிருந்தா நான் சேத்திருக்க மாட்டனா?”

அம்சவள்ளி அவர் முகத்தைப் பார்த்தாள். “மாட்டீங்க சார்.”

மழை ஓட்டுக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. பகலவன் எழுந்து போய் சன்னலருகில் நின்றார். “மாட்டேன்தான்” என்றார். “ஆனா இப்ப பாத்துட்டேன். வூட்டுக்கு அனுப்பினா அங்க யாரு பாப்பா? அந்தம்மா காட்டுல இருக்கும்.” திரும்பி வந்து பாயருகில் குனிந்து, பிள்ளையின் கையிலிருந்து சாவியை எடுத்தார். “இது வேணுமா, வேணாவா?”

“வேணாங்க சார். அதால ஒண்ணும் ஆவாது.”

“அப்ப இன்னாதான் செய்யணும்? அத மொதல்ல எனக்கு சொல்லிக் குடுங்க. மேல எழுதறத அப்புறம் பாக்கலாம்.”

மறுநாள் பழனியம்மாளோடும் பிள்ளையோடும் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள் அம்சவள்ளி. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் முழுவதையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். வலிப்பு வந்தவராக யார் படுப்பது என்று பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தபோது, ஐம்பத்து நாலு வயது பகலவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தரையில் படுத்தார். இரண்டு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள், தலைக்குக் கீழே பையை மடித்து வைத்தார்கள். “கைய காலை அமுக்கக் கூடாது, வாயில எதையும் வெக்கக் கூடாது, தண்ணி ஊத்தக் கூடாது” என்று எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். கூரை அதிர்ந்தது. சிவரஞ்சனிதான் எல்லோரையும்விடச் சத்தமாக, புரியாத ஒலியில் கத்தினாள்.

மதிய மாத்திரை அட்டையைப் பகலவன் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “ஒரு மணிக்கு குடுத்துட்டு தொட்டி மேல ஏறி உங்களுக்கு ஒரு ரிங் விடறேன். எடுக்க வேணாம். ரிங் வரலன்னா மட்டும் பயப்படுங்க” என்றார். மேலே எழுதினாரா என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவளைப் பற்றித் தெரியாமல் சொல்லிவிட்டார் பாவம். இத்தனை வருடம் போன் அடித்தால் பயந்தவள், இப்போது தினமும் பன்னிரண்டரை மணியிலிருந்து அது அடிக்கவில்லையே என்று பயப்படுகிறாள். எந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தாலும், எந்தத் தலைமையாசிரியர் எதிரில் இருந்தாலும், போன் மடியில்தான்.

ஐப்பசியில் ஒரு நாள் ஒரு மணி ஆயிற்று, ஒன்றே கால் ஆயிற்று, ரிங் இல்லை. ஒன்றரைக்கு அம்சவள்ளி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். அப்போது அடித்தது. ஒரு ரிங்கில் நிற்கவில்லை. இரண்டு, மூன்று. என்னவோ ஆகிவிட்டது. எடுத்தாள்.

அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. தூரத்தில் பகலவனின் குரல், “சொல்லு, நீயே சொல்லு, கெட்டியாப் புடிச்சிக்கோ.” பிறகு, ஒவ்வொரு எழுத்தையும் எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி ஒரு குரல்.

“டீச்..சரு. போ..ட்டுக்கினன்.”

ஹெல்மெட்டோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள் அம்சவள்ளி. அந்த ஒரு செய்தியை மட்டும் அவள் முழுசாகக் கேட்டாள்.