அப்பாவின் கைலியில் ஒரு மயில்

செங்காங் சமூக மன்றத்தில் நான் நடத்தும் ஒட்டுப்போர்வை வகுப்பில், ஓர் இளம்பெண் தன் அப்பாவின், மெழுகுச்சாயம் போட்ட பாத்திக் கைலியை விரித்துக் கத்தரிக்கோலை எடுத்தாள். கஞ்சி வாசனை வந்தது. சட்டென்று எனக்கு ஏழு வயதாகிவிட்டது.

1950களில் பஃபலோ ரோட்டில் குடியிருந்தோம். என் பொம்மைக்குப் போர்வை தைக்க நானே ஒரு டிசைன் வரைந்திருந்தேன். தையல்கடையில் வாங்கி வந்த துண்டுகளில் நடுச் சதுரத்துக்கு மட்டும் எதுவும் பிடிக்கவில்லை. கொடியில் அப்பாவின் புதுக் கைலி காய்ந்துகொண்டிருந்தது. அதில் ஒரு நீல மயில். கச்சிதமாக வெட்டித் தைத்துவிட்டேன்.

அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். அப்பா போர்வையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடிக்காத. மயிலு இங்கதான் நல்லா இருக்கு."

என் கவுன் தைத்ததில் மிஞ்சிய மஞ்சள் பூத்துணியால் அம்மா முணுமுணுத்துக்கொண்டே கைலியின் ஓட்டைக்கு ஒட்டுப்போட்டாள். மறுநாள் பின்பக்கம் மஞ்சள் பூ தெரிய, அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கோப்பிக்கடைக்குப் போனார். எல்லோரும் சிரித்தார்கள்.

"என் மக டிசைன் லா. கடையில கிடைக்காது" என்றார் அப்பா.

"டீச்சர், எங்க வெட்டலாம்?" என்று வகுப்பில் அந்த இளம்பெண் கேட்டாள்.

"அப்பாகிட்ட கேட்டியா?"

"அவருக்குத் தெரியாது லா."

"அப்ப நல்ல இடமாப் பாத்து வெட்டு" என்றேன். "கைலி ஓட்டைக்கு ஒட்டுப்போட மஞ்சத்துணி நான் தர்றேன்."