பொலேத்தேயின் கரடி

பொலேத்தேவுக்குப் பிடிவாதம் அதிகம் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கென்னவோ அது குறைத்துச் சொன்ன பேச்சு. சுற்றுலாக் கப்பலின் அடித்தட்டில் மூன்று கோடைகாலம் பயணிகளின் போர்வைகளைத் துவைத்துக்கொண்டு, வாரம் தவறாமல் மேல்தளத்துக்கு ஏறிப்போய் "எனக்குப் படகு குடுங்க" என்று கேட்டுவிட்டு வருகிறவளை வேறென்ன சொல்வது?

கிரீன்லாந்தின் கிழக்குக் கரையில், கப்பல் சுற்றிவரும் அந்தக் கடல் முனையிலேயே பிறந்தவள். அப்பா கரடி வேட்டைக்காரர். ஆனால் பயணிகளைப் பனிப்பாறைகளுக்கு நடுவே கூட்டிப்போகும் ரப்பர் படகுகளை ஓட்டியது பெரும்பாலும் வெளியூர்ப் பையன்கள். அவள் தம்பி ஹான்சேவுக்குக்கூட வந்த வருஷமே படகு கிடைத்துவிட்டது. அவளுக்கு மட்டும் சோப்புத்தூள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"அக்கா, உன் தலையக் கண்டாலே ஸ்டியான் ஒளிஞ்சுக்கிறாராம்," என்று ஹான்சே கிண்டலடிப்பான்.

"ஒளியட்டும். கப்பல விட்டு எங்க போயிடுவாரு?"

ஸ்டியான் நார்வேக்காரர், படகுகளுக்கெல்லாம் தலைவர். கெட்ட மனுஷர் இல்லை. பயணிகள் முகம் வாடினால் அவருக்குச் சாப்பாடு இறங்காது, அவ்வளவுதான். நாலாவது கோடையில் படகோட்டி ஒருவன் கையை ஒடித்துக்கொள்ள, வேறு வழியில்லாமல் சிவப்பு ஜாக்கெட்டை அவளிடம் நீட்டினார்.

"இந்த ஒரு தடவை பாக்குறேன். சொன்னபடி நடந்துக்கிட்டீங்கன்னா படகு உங்களுக்குத்தான்."

மறுநாள் காலை மூன்று படகுகள் இறங்கின. ஒன்றில் ஸ்டியான், ஒன்றில் ஹான்சே, ஒன்றில் பொலேத்தே. எஞ்சின் கைப்பிடியைப் பிடித்தபோது அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பயணிகள் ஏதோ வேடிக்கை என்று நினைத்துத் தாங்களும் சிரித்தார்கள்.

பெரிய பனிப்பாறையைச் சுற்றித் திரும்பியதும் தண்ணீரில் மஞ்சள் பாய்ந்த தலை ஒன்று தெரிந்தது. அதன் முதுகை ஒட்டி இன்னொரு சின்னத் தலை. உடனே வாக்கி-டாக்கியை எடுத்தாள்.

"கரடி. குட்டியோட. நான் பாத்தேன்."

"அக்காவோட கரடி. சரி," என்றான் ஹான்சே.

அவர்கள் ஊரில் கரடி முதலில் பார்த்தவருக்குத்தான். சுட்டவர் யாராக இருந்தாலும் சரி, பார்த்தது பால்குடிக் குழந்தையாக இருந்தாலும் சரி, அதில் மறுபேச்சே கிடையாது. ஸ்டியானுக்கோ அது வெறும் தகவல்.

"எல்லாரும் கிட்ட வாங்க!" என்றார் உற்சாகமாக.

கரடி பனித்திட்டை நோக்கி நீந்திக்கொண்டிருந்தது. நல்ல படம் கிடைக்கட்டும் என்று ஸ்டியான் தன் படகைக் குறுக்கே விட்டார். கரடி திரும்பியது. மறுபடியும் குறுக்கே விட்டார். மறுபடியும் திரும்பியது. குட்டி பின்தங்கிவிட்டது. கேமராக்கள் ஓயவில்லை.

பொலேத்தே கரடிக் கறி தின்று வளர்ந்தவள். வேட்டைக் காலத்தில் தனிக்கரடி ஒன்று பனியில் நின்றிருந்தால் துப்பாக்கியை எடுத்திருப்பாள், சந்தேகமே வேண்டாம். ஆனால் குட்டியோடு தண்ணீரில் தவிப்பதை விளையாட்டுக்கு விரட்டுவதா? அதுவும் தன் கரடியை? அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"ஸ்டியான், வழி விடுங்க. அது என் கரடி."

"என்ன பேசுறீங்க? படகை இடது பக்கமா கொண்டாங்க."

"மாட்டேன்."

அந்த ஒரு சொல்லுக்கு என்ன விலை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

"ஹான்சே, பின்னால போ."

"அக்கா, நெஜமாவா சொல்ற?"

"கரடி யாரோடதுடா?"

ஹான்சேயின் படகு பின்வாங்கியது.

"நீ எங்கப்பா போற?" என்று ஸ்டியான் கத்தினார்.

"அது அக்காவோட கரடிங்க. எதுவா இருந்தாலும் அவங்களத்தான் கேக்கணும்!"

பொலேத்தே எஞ்சினை முடுக்கி, ஸ்டியானுக்கும் கரடிக்கும் நடுவே தன் படகை நிறுத்தினாள். அவர் வலப்பக்கம் ஒதுங்கினால் அவளும் ஒதுங்கினாள். அவர் நின்றால் நின்றாள். அவள் படகிலிருந்த ஒருவர், இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று முணுமுணுத்தார். தாய்க்கரடி பனித்திட்டில் ஏறியது. குட்டி வழுக்கி வழுக்கி ஏறியது. இரண்டும் உடம்பை உதறிக்கொண்டு மேட்டுக்கு அந்தப்புறம் போய் மறைந்தன.

கப்பலில் ஸ்டியான் குரலை உயர்த்தவில்லை.

"சொன்னபடி நடந்துக்கல நீங்க."

"நடந்துக்கல."

"நாளைக்கு உங்க ஊர்ல இறங்கிக்கிடுங்க. துணி துவைக்கவும் வேற ஆள் பாத்துக்குறேன்."

எஞ்சின் கைப்பிடியின் அதிர்வு இன்னும் அவள் உள்ளங்கையிலேயே இருந்தது. அழுகை வந்தது, அதை மறைக்கவில்லை. மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. ஜாக்கெட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"இது உங்களோடது. கரடி என்னோடது."

ஊரில் இறங்கியவள் நேரே வீட்டுக்குப் போய் அடுப்பை மூட்டினாள். பெரிய கெட்டிலில் காபி, தட்டு நிறைய கேக், கதவு விரியத் திறந்து. கரடி கிடைத்த வீட்டில்தான் இப்படி ஊருக்கே காபி வைப்பார்கள். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்த ஹான்சே பதறிப்போனான்.

"அக்கா, கரடியே இல்லாம காபி வச்சா ஊரே சிரிக்கும்!"

"சிரிச்சுட்டுக் குடிக்கட்டும்."

முதலில் வந்தவர் பெர்தேல். ஊரின் மூத்த வேட்டைக்காரர், யார் முகத்துக்காகவும் பேச்சை மாற்றாதவர். வாசலில் நின்றபடியே, தோல் காயப்போடும் மரச்சட்டத்தைப் பார்த்தார். அது காலியாக இருந்தது.

"தோல் எங்க?"

"கரடியே அதப் போட்டுக்கிட்டுப் போயிடுச்சு."

பெர்தேல் குனிந்து காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தார். தெருவில் தயங்கி நின்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"ஏன் அங்கயே நிக்கிறீங்க? வாங்கப்பா. பொலேத்தேயோட கரடிக்குக் காபி."