நாலு இஞ்ச் ஓட்டை

ஹார்டுவேர் கடையில் துளை போடும் சாமான்கள் தொங்கும் சுவருக்கு அவர்தான் அதிபதி. வட்டமாக வெட்டும் ஹோல்சா வாங்க வருபவர்களை லேசில் விடமாட்டார். "எதுல ஓட்டை? மரமா, ஜிப்சம் போர்டா, பூச்சுச் சுவரா?" என்று ஆரம்பிப்பார். மரத்துக்கானதைப் பூச்சில் வைத்தால் பல் மழுங்கும். பல் பெரிதாக இருந்தால் போர்டின் மேல்காகிதம் பிய்ந்து வரும். பூச்சுக்குப் பல்லில்லாமல் விளிம்பு சொரசொரப்பாக இருப்பதுதான் சரி. எல்லாம் அத்துப்படி. ஒரே குறை, வாழ்நாளில் அவர் ஒரு ஓட்டைகூடப் போட்டதில்லை. யாரும் கேட்கவில்லை, அவரும் வலியப் போய்ச் சொல்லவில்லை.

வீட்டில் படுக்கையறை மூலையை ஜிப்சம் போர்டால் தடுத்து, மேலே மெல்லிய பூச்சு பூசி, புதிதாகக் குளியலறை எடுத்திருந்தார்கள். ஆவி வெளியேற ஒரு ஃபேன், அதற்கு ஜன்னல்வரை ஒரு பைப், பைப்புக்குப் போர்டுச் சுவரில் ஒரு ஓட்டை. மனைவியின் தம்பி எலக்ட்ரீஷியன்.

"ஓட்டையும் நானே போட்டுடறேன் மாமா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"ஊருக்கே சொல்லிக் குடுக்கறவன்டா நான். நீ ஃபேனுக்கு வயர் இழு, போதும்."

"சொல்லிக் குடுக்கறது வாயால. சுவர்ல வாய வச்சா ஓட்டை விழாது மாமா."

மச்சான் சொன்னதை அவர் மறந்திருப்பார். மனைவி சிரித்ததைத்தான் மறக்க முடியவில்லை. இந்த ஓட்டை பிசகினால் அந்தச் சிரிப்போடு மிச்ச காலத்தையும் ஓட்ட வேண்டும்.

எந்த ஹோல்சா என்று ஒரு வாரமாகத் தேர்ந்தெடுத்தார். தினம் ஒரு கட்டர் வீட்டுக்கு வந்தது. விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரலால் தடவினார், மறுநாள் கடைக்கே கொண்டுபோனார்.

"என்னைக் கட்டிக்கறதுக்குக்கூட இவ்வளவு யோசிச்சிருக்கமாட்டீங்க."

"அப்ப எனக்கு யாரும் கேட்லாக் காட்டல."

கடைசியில் ஒன்று தேறியது. ஞாயிறு மதியம், மச்சான் வருவதற்கு முன், கண்ணாடி மாட்டிக்கொண்டு டிரில்லைச் சுவரில் வைத்தார். வெண்ணெய் மாதிரி இறங்கியது. வட்டம் தட்டுப்போலக் கழன்று கையில் விழுந்தது. காகிதம் ஓர் இழை பிரியவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். பைப்பை எடுத்துச் சொருகினார்.

போகவில்லை.

நாலு இஞ்ச் பைப் என்பது கடையில் கூப்பிடும் பெயர். வெளிவிட்டம் அதைவிடப் பெரிது; அவர் எடுத்த கட்டரோ சரியாக நாலு இஞ்ச். இது தெரியாமல் வருகிறவர்களை, "போய்ப் பைப்பைக் கொண்டாங்க" என்று விரட்டுகிற ஆளே அவர்தான். பைப் ஒரு வாரமாகக் குளியலறை வாசலிலேயே சாய்ந்திருந்தது. தினம் அதை அளக்காமலே தாண்டிப் போனார்.

"பெரிய கட்டர் வச்சுப் போடுங்க."

"அது நடுவுல ஊசி குத்தி நிக்கணும். இப்ப நடுவுல என்ன இருக்கு? காத்து."

கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பியை வரவேண்டாம்னு சொல்லிடவா?"

"சொன்னா சும்மா இருப்பானா? ஏன்னு கேப்பான்."

அவள் சமையலறைக்குப் போய்க் காரட் துருவியோடு வந்தாள். ஓட்டைக்குள் கையை விட்டு விளிம்பைத் துருவ ஆரம்பித்தாள். வெள்ளைமாவு கொட்டியது.

"இதுக்குன்னே அரம் இருக்கு, கடையில ரெண்டாவது வரிசை..."

"காரட்டைவிட மெத்துன்னுதான் இருக்கு. அந்த டார்ச்சைப் பிடிங்க."

பிடித்தார்.

மச்சான் வந்தபோது பைப் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அதை உருவி, விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தான்.

"யார் போட்டது?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் குழாயடியில் துருவியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உங்க மாமாதான்," என்றாள், திரும்பாமல்.

"நான்கூட இப்படி வழவழன்னு எடுத்ததில்லையே! மாமா, அடுத்த வாரம் ஒரு ஆஸ்பத்திரி வேலை. கூரை பூரா போர்டு. லைட்டுக்கு மட்டும் அறுபது ஓட்டை. ஆளே கிடைக்கல. நீங்க வரணும்."

மறுக்க வாயெடுத்தார். என்ன சொல்லி மறுப்பது?

"வருவாரு," என்றாள் அவள். "கூலி ரெண்டு பேருக்குப் பேசு."