கத்தி படாத சவரம்

எலெக்ட்ரிக் ஷேவர் நல்லதா, சோப்பு போட்டு பிளேடுல வழிக்கறது நல்லதான்னு இன்னைக்கும் எங்க கேண்டீன்ல ஒரு கூட்டம் அடிச்சுக்கும். ஒருத்தன் நேரம் மிச்சம்பான், இன்னொருத்தன் பிளேடு மாதிரி வராதும்பான். அட போங்கய்யா, உங்களுக்கெல்லாம் அது மூஞ்சி விஷயம். எங்க வீட்டுல அது உசுரு விஷயமா ஆயிடுச்சு.

அப்போ நான் ஜொகூர் பாரு பக்கத்துல, பாசிர் கூடாங்ல ஒரு தொழிற்சாலையில டேங்க் கழுவற வேலை பார்த்தேன். ரசாயனம் நிரப்பி வைக்கற பெரிய இரும்பு டேங்க். காலியானதும் நாங்க ஏணி வழியா உள்ள இறங்கி, அடியில ஒட்டிக்கிட்டிருக்கறதச் சுரண்டணும். மூஞ்சி முழுக்க மூடற மாஸ்க் போடாம உள்ள விடமாட்டாங்க. மாஸ்க்கோட ரப்பர் தோல்ல ஒட்டி உக்காரணும். நடுவுல முடி இருந்தா அந்தச் சந்துல காத்து நுழைஞ்சிடும். அதனால தாடிக்காரனுக்கு அங்க வேலை இல்ல. தினமும் பிளேடு போட்டு மழமழன்னு வழிச்சிட்டுத்தான் போவேன்.

அந்த வருஷம்தான் என் மனைவி ரெண்டாவது தடவை மாசமானா. முதல் குழந்தை ஆறாம் மாசத்துல வயித்துலயே போயிடுச்சு. யார் மேலயும் தப்பில்லன்னு டாக்டர் சொன்னாங்க. ஆனா பொந்தியான்ல இருந்து வந்து கூட இருந்த என் மாமியார், ஊருக்குக் கிளம்பும்போது வாசல் கேட் பக்கத்துல நின்னு, "பொண்டாட்டி மாசமா இருக்கறப்போ புருஷன் மூஞ்சில கத்தி வைக்கக்கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க"ன்னு ஒரு வார்த்தை விட்டுட்டுப் போனாங்க. எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. என் குழந்தைய நானே வழிச்சு எறிஞ்ச மாதிரி பேச்சு! மரியாதைக்காகப் பல்லக் கடிச்சிக்கிட்டு நின்னேன்.

ரெண்டாவது தடவை மாமியார் வாயே திறக்கல. என் மனைவிதான் கேட்டா. "எனக்கு இதுல நம்பிக்கை இருக்கா இல்லையான்னு கேக்காதீங்க. எனக்கே தெரியல. ஆனா இந்தத் தடவை கத்தி மட்டும் வேணாங்க." அதுக்கு மேல என்னத்த வாதாடறது?

வேற செக்‌ஷன் கேட்டுப் பார்த்தேன். கான்ட்ராக்ட் ஆளுக்கு வேற செக்‌ஷன் ஏது! மாஸ்க் போட முடியலன்னா வீட்டுக்குப் போன்னுட்டாங்க. பிள்ளை வரப்போற நேரத்துல வேலை இல்லாம உக்கார முடியுமா?

அப்போதான் ஜொகூர் பாருல ஒரு மின்சாமான் கடையில அந்த எலெக்ட்ரிக் ஷேவரப் பார்த்தேன். கடைக்காரச் சீனர் மூடியக் கழட்டிக் காட்டினாரு. மேல மெல்லிசா ஒரு சல்லடைத் தகடு, அதுக்கு அடியிலதான் பிளேடு ஓடுது. முடி ஓட்டை வழியா உள்ள போய் வெட்டுப்படும். அலமாக், அடேயப்பா, கத்தி மூஞ்சிலயே படாதேன்னு எனக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்குக் கொண்டு வந்து மனைவிகிட்ட அதே மாதிரி கழட்டிக் காட்டினேன். அவ உடனே அவங்க அம்மாவுக்கு போன் போட்டா. ஸ்பீக்கர்ல மாமியார் ஒரே கேள்விதான் கேட்டாங்க.

"மாப்ள, அந்தக் கத்தி உங்க தோல்ல படுதா, படலையா?"

"படல அத்தை. தகடுதான் படுது."

கோர்ட்டுல தீர்ப்புக்கு நிக்கற மாதிரி நாங்க ரெண்டு பேரும் போனையே பார்த்துக்கிட்டிருந்தோம். "அப்போ அது சவரத்துல சேராது"ன்னாங்க. என் மனைவி அந்த ஷேவரச் சாமிமேடையில வச்சு, அதுக்குக் குங்குமப் பொட்டு வேற வச்சு எடுத்துக் குடுத்தா. சிரிப்ப அடக்க நான் பட்ட பாடு!

ஆனா என் முடி அதுக்கு அடங்கல. சுருட்டை முடி, கம்பி மாதிரி. எத்தனை தடவை ஓட்டினாலும் தாடைக்குக் கீழ முள்ளு முள்ளா நிக்கும், கழுத்தெல்லாம் கொப்புளம். மூவார்ல மேசை நாற்காலி செய்யற இடத்துல கொஞ்ச காலம் இருந்தவன் நான். தடவிப் பார்த்தா அங்க தேய்ச்ச உப்புத்தாள் ஞாபகம்தான் வரும். நல்லவேளை, அந்தச் சமயம் டேங்க் எதுவும் திறக்கல, வெளிய பைப் வேலைதான்.

அப்புறம் டேங்க் திறக்கற வேளை வந்துச்சு. அதுக்கு முன்ன மாஸ்க் சோதனை. மாஸ்க்க மாட்டிவிட்டு, தலைக்கு மேல ஒரு கூடாரம் மாதிரி கவுத்து, உள்ள ஒரு கசப்பு மருந்த அடிப்பாங்க. தலையத் திருப்பணும், குனியணும், பேசணும். வாயில கசப்பு தெரிஞ்சா மாஸ்க் ஒட்டலன்னு அர்த்தம். நான் குனிஞ்சதுதான் தாமதம், பாகற்காய அரைச்சு ஊத்தின மாதிரி கசந்துச்சு. சேஃப்டி ஆபிசர், மலாய்க்காரர், என் தாடைய விரலால தேய்ச்சுப் பார்த்தாரு. "ச்சுக்கூர் பெத்துல்-பெத்துல் லா, பாங்." ஒழுங்கா வழிச்சிட்டு வாண்ணே. நாளைக்கு இன்னொரு சோதனை, அதுவும் போச்சுன்னா வேலை இல்ல.

வீட்டுக்கு வந்தும் கசப்பு போகல. தேத்தண்ணியில சீனியக் கொட்டிக்கிட்டே இருந்தேன். "என்ன இவ்ளோ சீனி?"ன்னு மனைவி கேட்டா. சொன்னேன்.

"அப்போ டேங்குக்குள்ள காத்து நுழைஞ்சாலும் இப்படித்தான் கசக்குமா?"

"அங்க கசக்காது. ஒண்ணுமே தெரியாது. தலை சுத்தும்போதுதான் தெரியும். அப்போ ஏணி ஏற முடியாது."

அவ கையில இருந்த டம்ளரக் கீழ வச்சா. "பைத்தியமா உங்களுக்கு? இதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே!"

"சொல்லியிருந்தா? நீ பயந்து சாவ."

"இப்ப மட்டும் என்ன பண்றேன்?" ஓன்னு அழுதுட்டா. நான் பக்கத்துல போனா தள்ளிவிட்டா. ரொம்ப நேரம் வயித்தப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தா. அப்புறம் முந்தானைல மூக்கத் துடைச்சிக்கிட்டு, "போய் பிளேடு போட்டு வழிங்க. அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்"னா.

காலையில குளியலறைக் கண்ணாடி முன்னால நுரைய அப்பிக்கிட்டு நின்னேன். நான் இதையெல்லாம் நம்பறவன் இல்ல. ஆனாலும் பிளேடு கன்னத்துல பட்டதும் ஒரு தடவை எடுத்துட்டு, மறுபடி வச்சேன். ஒரு இடத்துல கீறிக்கிட்டேன். அவ கதவுல சாஞ்சு நின்னு பார்த்துக்கிட்டே இருந்தா. முடிச்சிட்டேன்னு துண்ட எடுத்தப்போ கிட்ட வந்து, தாடைக்குக் கீழ விரல வச்சுத் தடவினா. "இங்க விட்டுட்டீங்க. காத்து நுழையற இடம் இதுதானே?" என் கையில இருந்து ரேசர வாங்கி அவளே வழிச்சா. ஒரு கீறல் கூட விழல.

அன்னைக்குச் சோதனையில கசக்கல. மத்தியானம் டேங்குல இறங்கினோம். போனை லாக்கர்ல வச்சிட்டுத்தான் இறங்கணும். வேலை முடிஞ்சு ஏறி வந்து பார்த்தா, திரை முழுக்க அவ கூப்பிட்ட அழைப்பு. எனக்கு உசுரே போயிடுச்சு. மாமியாரோட பேச்சு பலிச்சிடுச்சோன்னு நானே நினைச்சேன். போட்டேன். ஒரே ரிங்ல எடுத்தா.

"வெளிய வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன். உனக்கு என்ன ஆச்சு? வலிக்குதா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. வயித்துல காலையில இருந்து ஒரே உதை." மூச்சு வாங்கினா. "அப்போ ரெண்டு பேரும் இருக்கீங்க"ன்னு சொல்லிட்டு போனை வச்சிட்டா.