ராக்கெட்டில் கீழே இறங்கப் பார்த்தேன்

நாம பார்க்காததை, பிள்ளைங்க கேட்காததை, அதிகாரி கேட்டுடுவாரோங்கிற பயத்துல சொல்லிக்கொடுக்கிற வேலைக்குப் பேருதாங்க ஆரம்பப் பள்ளி வாத்தியார் வேலை. மலைப் பள்ளிக்கூடத்துல குப்பை கொட்டின அத்தனை பேருக்கும் நான் சொல்றது புரியும். புரியாதவங்க வீட்டுக்குப் பக்கத்துலயே வேலை கிடைச்ச புண்ணியவான்கள். அவங்களும் படிக்கட்டும், எங்க வயித்தெரிச்சல் கொஞ்சம் அவங்களுக்கும் சேரட்டும்.

ரங்கசாமி சார் சொன்ன வழி

தொண்ணூத்தெட்டுல எனக்குக் கொல்லிமலை மேல, வாழவந்தி நாட்டுல (அங்கே ஊர்க்கூட்டத்துக்கு நாடுன்னுதான் பேரு) ஒரு தொடக்கப் பள்ளியில வேலை. வீடு அடிவாரத்துல, பேளுக்குறிச்சிப் பக்கம் தோட்டத்துக்குள்ள. வீட்டுக்காரர் மரவள்ளியும் கடலையும் போட்டு விவசாயம் பார்க்கிறார். மகள் தேன்மொழிக்கு அப்ப மூணு வயசு. அவளை நாத்தனார்கிட்ட விட்டுட்டுத் திங்கக்கிழமை காலங்காத்தால பஸ் ஏறினா, வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவேன். தினமும் போய்ட்டு வரக்கூடாதான்னு கேக்காதீங்க. அந்த மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவுகள்ல தினம் ரெண்டு தடவை குடலைப் புரட்டி வெளியே போட்டுட்டு, அப்புறம் எங்கேயிருந்து பாடம் நடத்தறது? எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். கீழே மாறுதல். ராத்திரி என் பிள்ளை என் பக்கத்துல படுத்துத் தூங்கணும். ஆகாசத்தையா கேட்டேன்?

பள்ளிக்கூடத்துல வாத்தியார் ரெண்டே பேர். மூணாப்புல இருந்து அஞ்சாப்பு வரைக்கும் நான். ஒண்ணாப்பும் ரெண்டாப்பும் தலைமையாசிரியர் ரங்கசாமி சார். அவர் பிள்ளைங்களை 'கையைக் கட்டு, கண்ணை மூடு'ன்னு உக்கார வச்சிட்டுத் தானும் கண்ணை மூடிக்குவார். வித்தியாசம் என்னன்னா, பிள்ளைங்க நடுநடுவுல முழிச்சுப் பார்க்கும். ஆனா ஊர் உலகத்துச் சேதி மட்டும் எப்படியோ அவர் காதுக்கு வந்துரும். எங்களை மேய்க்கிற கல்வி அதிகாரி, அதாங்க ஏ.ஈ.ஓ., புதுசா வந்திருந்தார். அவருக்கு ராக்கெட் பைத்தியமாம். போற பள்ளிக்கூடத்துல எல்லாம் கூரை ஒழுகுதா, பிள்ளைங்க சாப்பிட்டுதான்னு கேக்க மாட்டாராம். ராக்கெட் எப்படிப் பறக்குதுன்னு கேப்பாராம். பிள்ளைங்க டக்குன்னு பதில் சொல்லிட்டா டீச்சர் கேட்டதை எழுதிக் கொடுத்துருவாராம். இதைச் சொல்லிட்டு ரங்கசாமி சார் கொட்டாவி விட்டபடியே சொன்னார்: "ராக்கெட்டைக் கெட்டியாப் புடிச்சுக்குங்க டீச்சர், நேராக் கொண்டாந்து கீழே ராசிபுரத்துல எறக்கிப்போடும்!"

மேகத்துக்கும் மேலே

பிடிச்சேன். முதல்ல விமானப் பாடம். புத்தகத்துல, 'தலை நிமிர்ந்து பார், மேகங்கள் தெரிகின்றனவா? அவற்றுக்கும் மேலே விமானம் பறக்கிறது'ன்னு போட்டிருந்துச்சு. எழுதின மகராசன் கடலோரத்துல உக்காந்து எழுதியிருப்பார் போல. எங்க வகுப்புல அன்னைக்கு மேகம் ஜன்னல் வழியா உள்ளேயே வந்து உக்காந்திருந்துச்சு. கரும்பலகை நனைஞ்சு, நான் வரைஞ்ச விமானத்தோட றெக்கை வழிஞ்சு ஓடிருச்சு. கடைசி வரிசைப் பிள்ளைங்க முகமே எனக்குத் தெரியலை.

நான் விடுவேனா? ராசிபுரம் கண்ணு முன்னால நிக்குதே! குரலை உசத்தி, "மேகத்தைத் தாண்டறதுக்கு மனுசன் எத்தனை தலைமுறையாப் பாடுபட்டான் தெரியுமா? விழுந்தான், எலும்பை முறிச்சுக்கிட்டான், மறுபடி எழுந்தான்"னு ஒரே முழக்கம். அஞ்சாப்பு மல்லிகா எழுந்து நின்னா. மிளகுத் தோட்டத்து வெள்ளையனோட மகள். தலையைச் சாய்ச்சு, ரொம்ப மரியாதையாத்தான் கேட்டா: "ஏனுங்க டீச்சர், நீங்க திங்கக்கிழமையானா பஸ்ஸுலதானுங்களே மேகத்தைத் தாண்டி வாரீங்க?"

பீரோவுக்குள் பூமி

அரசாங்கம் சும்மா சொல்லக்கூடாது, சாமானெல்லாம் அனுப்பியிருந்தாங்க. உலக உருண்டை, சூரியனைச் சுத்துற கோள்களைக் கம்பியில மாட்டின மாதிரி ஒண்ணு, ஒரு ராக்கெட் பொம்மை. எல்லாம் பத்திரமா ரங்கசாமி சாரோட பீரோவுக்குள்ள இருந்துச்சு. சாவி அவர் அரைஞாண் கயித்துல. "அதிகாரி வர்ற அன்னைக்கு எடுத்து வச்சுக்கலாங்க. பிள்ளைங்க கை பட்டா அது என்னத்துக்காகும்?"னுட்டார். பிள்ளைங்களுக்காக வந்த பூமியைப் பிள்ளைங்க தொடக்கூடாது. உங்க பள்ளிக்கூடத்துலயும் இதே கதைதானே? எனக்குத் தெரியாதா என்ன!

ஆத்திரத்துல மலையில கிடைக்கிறதை வச்சே வேலையை ஆரம்பிச்சேன். ஒரு பெரிய பலாக்காயை ஸ்டூல் மேல தூக்கி வச்சு, இதுதான் சூரியன்னேன். சூரியன் இம்மாம் பெருசுன்னா வியாழன் ஒரு எலுமிச்சங்காய், பூமி ஒரு மிளகு, நிலா ஒரு கடுகு. பிள்ளைங்க மிளகை உள்ளங்கையில வச்சுப் பார்த்து வாயைப் பொளந்துதுங்க. அதுக்குள்ள எங்க ஊடு எங்கே, பக்கத்துக் குண்டூர் நாடு எங்கேன்னு ஒரே சண்டை. எனக்குப் பெருமை தாங்கலை. அதிகாரி வர்ற வரைக்கும் சூரியன் அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

ரெண்டு மூணு நாள்ல வகுப்பே கமகமன்னு மணக்க ஆரம்பிச்சுது. வெள்ளிக்கிழமை மத்தியானம் சத்துணவுக் கூடத்துக்குப் போய்ட்டு வர்றேன், பூமி இருக்கு, நிலா இருக்கு, ஸ்டூல் மேல சூரியனைக் காணோம். மூலையில கொட்டைதான் கிடக்கு. அடக் கெரகமேன்னு திரும்பினா, ரங்கசாமி சார் கையில தேங்காயெண்ணெய் ஊத்திப் பலாப்பால் பிசுக்கைத் தேய்ச்சுக்கிட்டிருந்தார். கொஞ்சம்கூடக் கூச்சப்படாமச் சொன்னார்: "பழுத்த சூரியனை எத்தனை நாளைக்குங்க டீச்சர் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கிறது?"

பூட்ஸ் கால்

நிலாவுல மனுசன் கால் வச்ச படம் ஒரு பழைய வாரப் பத்திரிகையில கிடைச்சுது. வெட்டி அட்டையில ஒட்டி மாட்டினேன். மறுநாள் காலையில மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே மல்லிகாவோட அப்பா வெள்ளையன் வாசல்ல நிக்கிறார். இடுப்புல கொடுவாள், முகத்துல யோசனை. போச்சுடா, பிள்ளையை நிறுத்தப் போறார்னு நினைச்சேன். மிளகு பறிக்கிற காலம் வந்தா இப்படித்தான் ஒவ்வொருத்தரா வந்து நிப்பாங்க. இந்தப் பொண்ணு இல்லாம அதிகாரி முன்னால நான் எப்படி நிக்கிறது?

அவர் வந்தது அதுக்கில்லை. "நெலாவுல கால் வச்சவரு பூட்ஸு போட்டுக்கிட்டேவாங்க நடந்தாரு?"ன்னு கேட்டார். அங்கே காத்து கிடையாது, வெயிலும் குளிரும் ஆளைக் கொன்னுடும், கழட்டினா செத்துருவாங்கன்னு விளக்கினேன். நிலாவைச் சாமியாக் கும்பிடற மனுசனுக்கு அந்தப் படம் உறுத்தியிருக்கு. அப்புறம் பெரிய மனசு பண்ணி மன்னிச்சு விடற மாதிரி சொன்னார்: "அவுங்க வெளியூர்க்காரங்க, தெரியாமப் போட்டிருப்பாங்க. நம்ம மல்லிகாவை அனுப்பறப்பவாச்சும் சொல்லி அனுப்புங்க டீச்சர்."

ஒரு வெள்ளிக்கிழமை

இதை மட்டும் சீக்கிரம் சொல்லிடறேன். அதிகாரி வரப்போறார்னு தெரிஞ்சதும் பலூன்ல ராக்கெட் விட்டுக் காட்டலாம்னு முடிவு பண்ணியிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கினதும் பேளுக்குறிச்சிக் கடையில ரெண்டு பாக்கெட் பலூனும் நூல்கண்டும் வாங்கிக்கிட்டு, அதுல ஒரு பலூனை ஊதி மகளுக்குன்னு கையில பிடிச்சுக்கிட்டு வீட்டுக்கு நடக்கிறேன். எங்க பக்கத்துல எல்லாருக்கும் நான் டீச்சர்தான். நாலு பேர் எதிர்ல வீட்டுக்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார். வாசல்ல விளையாடிக்கிட்டிருந்த தேன்மொழி என்னைப் பார்த்தா. ஓடி வருவான்னு ரெண்டு கையையும் விரிச்சேன். அவ உள்ளே திரும்பி என் நாத்தனாரைப் பார்த்துச் சத்தம் போட்டா: "அம்மா, ஓடியா! டீச்சர் வந்துட்டாங்க!"

ஜீப்பில் வந்தவர்

அதிகாரி வந்த கதையைக் கேளுங்க. ஜீப் வந்து நின்னதும் அவர் இறங்கலை, இறக்கினாங்க. வளைவு ஒண்ணு விடாம வாந்தியாம். பெஞ்சில படுக்க வச்சு, துண்டை நனைச்சு நெத்தியில போட்டோம். பிள்ளைங்க சுத்தி நின்னு, விண்வெளிக்கு ஆள் அனுப்பப் போறவரை அனுதாபத்தோட பார்த்துக்கிட்டிருந்துதுங்க. ரங்கசாமி சார் பீரோவைத் திறந்து, பாலித்தீன் பை பிரிக்காத பூமியை மேசை மேல வச்சார். ஒருவழியா அதிகாரி எழுந்து உக்காந்ததும், கேட்ட முதல் கேள்வி, "ராக்கெட் எப்படிப் பறக்குது?"

கரும்பலகை ஆணியில இருந்து வாசக்கதவு வரைக்கும் நூலைக் கட்டியிருந்தேன். நூலைப் பப்பாளி இலைக் காம்புக்குள்ள கோர்த்து, காம்போட அடியில பலூனை ஒட்டியிருந்தேன். மல்லிகா பலூன் வாயைப் பிடிச்சிருந்த விரலை விட்டா பாருங்க, சர்ர்ருனு ஓடிக் கதவுகிட்ட எழுந்து வந்து நின்ன அதிகாரியோட சட்டைப் பையில போய் மோதுச்சு. "காத்து பின்னால போகுது, ராக்கெட் முன்னால போகுது!"ன்னு பிள்ளைங்க கூரை அதிரக் கத்துச்சு. நிலாவுல ஏன் எடை குறையுது, பகல்ல நட்சத்திரம் எங்கே போகுது, எல்லாத்துக்கும் மல்லிகா மடமடன்னு பதில் சொன்னா. அதிகாரி கை தட்டினார். அடுத்து ஒண்ணாப்புப் பக்கம் போய், "ராக்கெட்டுன்னா என்ன கண்ணு?"ன்னு குனிஞ்சு கேட்டார். வகுப்பு மொத்தமும் கையைக் கட்டிக் கண்ணை மூடிக்கிச்சு. ரங்கசாமி சார், "தியானமுங்க சார்"னார். அதிகாரி அவரை முறைச்ச முறை இருக்கே, அப்படி ஒரு குளிர்ச்சி எனக்கு.

காரியம் பழுத்தாச்சுன்னு நினைச்சு, ஜீப் ஏறப் போனவர்கிட்ட வாய்விட்டுக் கேட்டேன். "சார், எனக்குக் கீழே மாறுதல் வேணும். மூணு வயசுக் குழந்தை, அது என்னை அம்மான்னே கூப்பிடறதில்லை"ன்னேன். அவர் முகம் மலர்ந்து, பாராட்டுப் பத்திரம் நீட்டற மாதிரி சொன்னார்: "உங்களைப் போயிக் கீழே அனுப்புவனாம்மா? உங்க பொண்ணு எப்படியும் வளந்துரும். இந்த மலைப் பிள்ளைங்களுக்கு ராக்கெட்டை வேற யாரு சொல்லித் தருவாங்க?"

உத்தரவு

லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறக்கிறப்ப மாறுதல் உத்தரவு ஒண்ணு வந்துச்சு. ராசிபுரம் டவுன்லயே, பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்து போற தூரத்துல இருக்கிற பள்ளி. எனக்கில்லைங்க. ரங்கசாமி சாருக்கு! பிற்பட்ட மலைப் பகுதிக்கு இந்த மாதிரி ஆள் லாயக்கில்லை, மலைப் பிள்ளைங்களோட எதிர்காலம் பாழாயிரும்னு அதிகாரி எழுதிட்டாராம். ராசிபுரத்துப் பிள்ளைங்களுக்கு எதிர்காலம் எதுக்குன்னு விட்டுட்டார் போல. வீட்டுக்காரர்கிட்டச் சொல்லி அழுதா, அவர் கடலைக்குத் தண்ணி பாய்ச்சறதை நிறுத்தாமயே, "நல்லாச் சொல்லிக்குடுன்னு உன்னை யாரு கேட்டா?"ங்கிறார். எரியற வயித்துல எண்ணெயை ஊத்தறதுக்குன்னே ஒருத்தரைக் கட்டி வச்சிருக்காங்க.

ரங்கசாமி சாரை வழியனுப்ப ஊரே வந்துச்சு. ஒரு வாழைத்தார், ஒரு பை மிளகு, மாலை மரியாதை. பஸ் படியில ஏறி நின்னுக்கிட்டு என்னைப் பக்கத்துல கூப்பிட்டார். அந்த மனுசன் கண்ணு முழுசாத் திறந்திருந்ததை அன்னைக்குத்தான் பார்த்தேன். நிஜமான பரிதாபத்தோட சொன்னார்: "உங்களுக்கு விவரம் பத்தலைங்க டீச்சர். நானும் உங்களாட்டம் பாடம் நடத்தியிருந்தா, இங்கேயேதானுங்க ரிட்டயர் ஆகியிருப்பேன்."

என்ன இருந்தாலும் அதிகாரி வாக்கு பொய்க்கலைங்க: 'மிகச் சிறப்பான பணி'ங்கிற பாராட்டை வருசா வருசம் வாங்கிக் குவிச்சிட்டு, ஒருவழியா எனக்குக் கீழே மாறுதல் கிடைச்சு நான் வீடு வந்து சேர்ந்தப்ப, என் பொண்ணு வளர்ந்து எட்டாப்புப் படிச்சுக்கிட்டிருந்தா.