முயலுக்கு அடுத்த கட்டம்

என் மகளுக்கு இரண்டு பிறந்த திகதிகள். அவள் பிறந்தது அதிகாலை இரண்டு இருபதுக்கு. ஆஸ்பத்திரிக் கணக்கில் அது பதினான்காம் திகதி, செவ்வாய்க்கிழமை. எங்கள் சாத்திரத்தில் விடிந்தால்தான் அடுத்த நாள். ஆகவே சாதகக் குறிப்பில் திங்கள் இரவு என்று இருக்கும். கேக் வெட்டுவது பதினான்கில், கோயிலிலும் சாத்திரக்காரரிடமும் சொல்வது திங்கள் என்று. இருபத்தெட்டு வருடமாக இரண்டும் எங்கள் வீட்டில் சண்டையில்லாமல் இருந்தன.

அவள் விரும்பியது ஒரு சீனக் குடும்பத்துப் பிள்ளையை. அவனுடைய தாய் எங்கள் நகரத்திலேயே லாசால் என்ற பகுதியில் இருக்கிறார். பிறந்த நேரத்தை வைத்து அவர்களுடைய முறையில் சாதகம் கணிக்கத் தெரிந்தவர். ஆண்டு, மாதம், நாள், மணி என்று நான்கு தூண்கள். நாள் தூணின் அடியில் வரும் மிருகம்தான் கலியாணத்துக்கு உரியது. நாளுக்கு ஒன்றாக மாறிமாறி வரும் பன்னிரண்டு மிருகங்களையும் மணிக்கூட்டு எண்கள் போல வட்டமாக எழுதினால், நேரெதிரே நிற்பவை மோதும். இவ்வளவையும் அவர் எனக்கு விளங்கப்படுத்தியது இந்த ஊர் மொழியான பிரெஞ்சில். அவருடையதும் உடைந்த பிரெஞ்சு, என்னுடையதும் உடைந்தது. அதனாலோ என்னவோ, எங்கள் இருவருக்கும் எல்லாம் நன்றாக விளங்கியது.

முதன்முதல் அவர் வீட்டுக்குப் போனபோது, மகள் பிறந்த நேரத்தை எழுதித் தரச் சொன்னார். சாத்திரக் காரியம் என்றதும் என் கை யோசிக்காமல் திங்களின் திகதியை எழுதியது: பதின்மூன்று, இரண்டு இருபது. அவர் அதை வைத்துக் கட்டங்களை நிரப்பினார். என் மகளுக்கு முயல், அவருடைய மகனுக்கு நாய். இரண்டும் நல்ல சோடி என்றார். வட்டத்தை ஆங்கிலத்திலும் எழுதி என்னிடம் தந்தார். அந்த மாதமே மண்டபத்துக்குச் சொன்னோம்.

ஐந்து மாதம் கழித்து முகூர்த்தம் பற்றிக் கதைக்கப் போயிருந்தேன். தங்களுக்கு இரவு பதினொரு மணிக்கே நாள் மாறிவிடும் என்று அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். நானும் தலையாட்டினேன். திரும்பி வரும்போது, மெட்ரோவில்தான் எனக்கு உறைத்தது. பதினொரு மணிக்கே நாள் மாறினால், இரண்டு இருபதுக்குப் பிறந்தவள் செவ்வாய்க்கிழமைக்காரி. கைப்பையிலிருந்து வட்டத்தை எடுத்து ஒரு கட்டம் தள்ளி எண்ணினேன். முயலுக்கு அடுத்தது டிராகன். டிராகனுக்கு நேரெதிரே நாய். இறங்க வேண்டிய நிலையத்தையும் விட்டுவிட்டேன்.

எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் பயம் வந்துவிட்டது. அந்தக் கிழமை மகளும் அவனும் தளபாடக் கடையில் சோபாவின் நிறத்துக்காக வாக்குவாதப்பட்டார்கள். பக்கத்தில் நின்ற நான் இடையில் புகுந்து, எந்த நிறமும் வடிவுதான் என்றேன். அவள் ஒரு நாள் போன் எடுக்கப் பிந்தினாலும் ஆயிரத்தெட்டு நினைப்பு. என் மனுசனிடம் சொன்னேன்.

"பேசாமல் இரும்," என்றார். "எங்களுக்கு எட்டுப் பொருத்தம் எண்டுதானே செய்து வைச்சவை? ஒரு நாள் சண்டை பிடிக்காமல் இருந்தனாங்களோ?"

"உங்களுக்கு எல்லாம் பகிடி."

"நீர் போய்ச் சொல்லி, பேந்து அந்த மனுசி கலியாணம் வேண்டாம் எண்டால் என்ன செய்யப்போறீர்?"

அதுதான் என் பயமும். அந்தப் பிள்ளை தாயின் சொல்லைத் தட்டாதவன். சொன்னால் கலியாணம் நின்றுவிடலாம். நிறுத்தியது நானாக இருப்பேன். சொல்லாவிட்டால், அடுத்த கிழமை மகளின் பிறந்தநாளுக்கு அவர் வருவார், திகதியைக் கேட்பார், தெரிந்தே மறைத்தவள் என்று நினைப்பார். சும்மா கிடந்த ஏழரையை நானே இழுத்துவிட்டேன் என்று என்னைத் திட்டிக்கொண்டேன். ஒன்பதாவது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு லாசாலுக்குப் போனேன்.

தேத்தண்ணி வைக்கும்வரைகூட நான் பொறுக்கவில்லை. விடியும்வரை மாறாத எங்கள் நாளையும், பதினொரு மணிக்கே மாறும் அவர்களுடைய நாளையும் சொல்லி, பதின்மூன்று பிழை, பதினான்குதான் சரி என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் எழுந்துபோய் மேசை லாச்சியிலிருந்து ஒரு தாளை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். அதே நான்கு தூண்கள், மணித் தூண் மட்டும் நிரப்பாமல். நாள் தூணின் அடியில் டிராகன்.

அவர் பிரெஞ்சில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். "மகன் அவளின்ர பிறந்தநாளை முதலே சொல்லிட்டான். நேரம் மட்டும்தான் தெரியாது. நீங்கள் வர முதலே இந்தக் கட்டத்தைக் கீறிப்போட்டன். பாத்திட்டு, என்ன செய்யிறதெண்டு தெரியாமல் இருந்தனான். நீங்கள் வந்து பதின்மூண்டு எண்டு எழுதினியள். நான் ஒண்டும் கேக்கேல்லை."

"மகனுக்குத் தெரியுமோ?"

"இல்லை. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அவன் அவளோட இருக்கேக்கைதான் சிரிக்கிறான்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நான் எழுதிய பிழையைப் பிடித்துக்கொண்டு, 'நல்ல சோடி' என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாரே. எழும்பிப் போய்விடலாம் என்று திரும்பினேன். கதிரையின் முதுகில், கலியாணத்தன்று என் மகள் போடுவதற்காக அவர் தைத்துக்கொண்டிருந்த சிவப்புச் சட்டை கிடந்தது. ஊசி இன்னும் கைப்பக்கத்தில் குத்தியபடி இருந்தது.

ஒன்பது நாள் பயத்துக்கே எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த மனுசி ஐந்து மாதம் தனியாகப் பயந்துகொண்டே என் பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்திருக்கிறார்.