கட்டுப் போட்ட தாடையோடு கச்சேரியில் நின்றேன்

கர்த்தருடைய பிள்ளைகளே, அந்த மாசி மாத வியாழக்கிழமையை என்னால் மறக்கவே முடியாது. குத்தகைதாரர்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்திருந்த சமயம். என் கணவர் குத்தகைக்கு எடுத்திருந்த ஒன்றரை வேலி நிலத்தை அவர் இறந்த பிறகும் நான்தான் பயிர் செய்தேன். கையில் ஒரு சீட்டும் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. நிலத்துச் சொந்தக்காரரான மிராசுதாரரோ என்னைக் கூலிக்காரி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பதினோரு மணிக்கு நாகப்பட்டினம் தாலுகா கச்சேரியில் விசாரணை. நான் பேசினால்தான் நிலம்.

என் தாடையிலோ ஒரு வருஷமாக வலி. பல்வலி என்று நினைத்து கீழ்வேளூரில் வலப்பக்கக் கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பிடுங்கிக்கொண்டேன். வலி போகவில்லை. கடிப்புதான் கோணிப்போனது. வாயைத் திறக்கும்போதெல்லாம் காதோரம் 'டக்' என்று சத்தம் கேட்கும்.

அன்று காலை பஸ்ஸில் கொட்டாவி விட்டேன். திறந்த வாய் மூடவில்லை. எச்சில் ஒழுகியது. கூட வந்த தங்கை எஸ்தர் அலறிவிட்டாள். "ஆண்டவரே, இன்றைக்கா? என் வாயைத் திருப்பித் தாரும்" என்று உள்ளுக்குள்ளேயே கதறினேன்.

பஸ் ஸ்டாண்டில் யாரோ கைகாட்ட, பக்கத்துத் தெருப் பல் டாக்டரிடம் ஓடினோம். அவர் பெருவிரல்களில் துணியைச் சுற்றி, கடைவாயில் வைத்துக் கீழே அழுத்திப் பின்னால் தள்ளினார். உயிர் போய் வந்தது. தாடை உட்கார்ந்துவிட்டது.

"பல்லு இவ்வளவு தேஞ்சிருக்கே, என்னத்தக் கடிக்கிறாங்க?" என்று எஸ்தரைக் கேட்டார்.

"நெல்லுதான் டாக்டர். காஞ்சிருக்கான்னு பாக்க, களத்துல எல்லாரும் அக்காவத்தான் கடிச்சுப் பாக்கச் சொல்லுவாங்க."

"பிடுங்கின பல்லு மேல குத்தமே இல்லம்மா. காதுக்கு முன்னால இருக்கிற மூட்டுதான் கெட்டிருக்கு. இன்னைக்கு வாயத் திறக்கக் கூடாது. திறந்தா மறுபடி நழுவிடும்."

தாடையைச் சேர்த்துத் தலையோடு கட்டிவிட்டார். கேட்ட வாய் கிடைத்தது, பேசத்தான் கூடாது. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது எனக்கு.

கச்சேரியில் மிராசுதாரர் தரப்புச் சாட்சியாகப் பண்ணை ஏஜெண்டு ராமையா உட்கார்ந்திருந்தார். குத்தகை நெல் வாங்க வரும் அந்த மனிதரை எனக்கு ஆகவே ஆகாது. அவர் விழுந்துபோக வேண்டும் என்று தினமும் ஜெபித்தவள் நான். மறைப்பானேன்?

தாசில்தார் என் பெயரைக் கூப்பிட்டார். எஸ்தர் எழுந்து விஷயத்தைச் சொன்னாள். "சம்பந்தப்பட்டவங்கதான் பேசணும்" என்றார் தாசில்தார். மிராசுதாரரின் வக்கீல் சிரித்தார். போனால் போகட்டும் என்று கட்டை அவிழ்க்கக் கையை உயர்த்தினேன்.

"அவிழ்க்காதீங்கம்மா!"

ராமையா எழுந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. "அய்யா, இவங்க களத்துல பதினாலு வருஷமா குத்தகை நெல்லு அளந்து வாங்குனது நான்தாங்க. முதல்ல இவங்க புருசன்கிட்ட, அப்புறம் இவங்ககிட்ட. கூலியாளுகிட்ட யாருங்க குத்தகை வாங்குவாங்க?"

வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் உட்காரவில்லை. தாசில்தார் எழுதிக்கொண்டார்.

என் பெயர் பதிவானது. ராமையாவுக்கு மறுநாளே பண்ணையில் வேலை போனது. அவர் வீட்டு வாசலில் நின்று நான் அழுதேன். "உள்ளதத்தானே சொன்னேன், போங்கம்மா" என்றார்.

அந்த டாக்டர் பற்களின் மேல் மாட்டிக்கொள்ள ஒரு தகடு செய்து கொடுத்தார். ஆறு மாதத்தில் வலி அடங்கியது. நெல் கடிப்பதை விட்டுவிட்டேன். என் வாயைத்தான் நான் திருப்பிக் கேட்டேன். கர்த்தரோ நான் சபித்த மனிதனின் வாயைத் திறந்தார். அவருக்கே ஸ்தோத்திரம்.

நீங்களும் யார் விழ வேண்டும் என்று கேட்கிறீர்களோ, அவர் பெயரைச் சொல்லி ஆசீர்வாதம் கேட்டுப் பாருங்கள். முதல் நாள் வாய் வராது. எனக்கும் வரவில்லை.